அகுட்சு இசாமு பார்க்காத சிரிப்பு

அகுட்சு இசாமு ஆண்டிறுதி விருந்தில் செய்துகாட்டிய வேடிக்கைக்கான முதல் சிரிப்பு, விருந்து முடிந்து பல நாள் கழித்து, அரிசி மண்டிக்காரரின் தாயார் இறந்த வீட்டில் வந்தது. சிரித்தவர், மீனை அரைத்துக் கமபோகோ என்னும் மீன்கட்டி செய்யும் தொழிற்சாலையின் பிரிவுத் தலைவர் டோபாஷி. கறுப்புக் கோட்டும் கறுப்பு டையுமாக வரிசையில் நின்று, தம் முறை வந்ததும் முன்னால் போய், சாம்பிராணித் தூளை விரல்நுனியில் எடுத்து நெற்றிவரை உயர்த்தியவர் அப்படியே நின்றார். மூக்கு வழியாக ஒரு சத்தம் வந்தது. பிறகு வாய்விட்டுச் சிரித்தார். தூள் பறந்து மந்திரம் சொல்லிக்கொண்டிருந்த குருவின் பட்டு அங்கியில் படிந்தது. இரண்டு பேர் அவரைத் தாங்கி வெளியே கொண்டுபோனார்கள். முற்றத்துச் சீமைப்பனிச்சை மரத்தைக் கட்டிக்கொண்டு, பனியில் முழங்கால் புதைய, வயிறு வலிக்கும்வரை அவர் சிரித்தார். சிரித்து முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டார். அந்த வருடம் உராதோமே துறைமுகத்தில் மீன் விலை ஏறியிருந்தது, பனியும் முன்கூட்டியே விழுந்திருந்தது. அந்தக் குளிர்காலத்தைப் பற்றிப் பேசும்போது ஊரார் இந்த மூன்றையும் ஒரே மூச்சில் சொல்வார்கள்.

விருந்தில் நடந்தது இவ்வளவுதான். தொழிற்சாலையில் அந்த வருடம் சேர்ந்த புதியவர்கள் எல்லோரும் ஏதாவது ஒரு வேடிக்கை செய்துகாட்ட வேண்டும் என்பது வழக்கம். சரக்கு அனுப்பும் பிரிவில் சேர்ந்திருந்த இசாமு, கொன்ரோகுவைப் போலச் செய்வதென்று முடிவு செய்தார். கொன்ரோகு அப்போது சனிக்கிழமைதோறும் டிவியில் வந்த நகைச்சுவைக்காரர். ஒருபோதும் சிரிக்காத முகம். ஒற்றைப் புருவம். ஏதோ ஒரு கடையின் குமாஸ்தாவாக வந்து வாடிக்கையாளருக்குத் தலைவணங்குவார். அந்த வணக்கம் நிற்காது. இடுப்புக்கும் கீழே, முழங்காலுக்கும் கீழே போய், தலை இரண்டு காலுக்கும் நடுவில் நுழைந்து பின்பக்கமாக வெளியே வரும். அங்கிருந்து கூட்டத்தைப் பார்த்து, "இங்கேருந்து பாத்தா நீங்கதான் தலைகீழா நிக்கிறீங்க" என்பார். நாட்டில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் அத்தனை பேரும் அதைச் செய்து மண்டையை இடித்துக்கொண்டிருந்த காலம். இசாமு பல வாரங்கள் குளிரறையில் மீன்பெட்டிகளுக்கு நடுவே பழகினார். பேச்சு வராத மனிதர் அவர். நான்கு பேர் கூடிய இடத்தில் தன் பெயரைச் சொல்வதற்குள் பேச்சு வேறு எங்கோ போய்விடும். ஒரே ஒரு முறை ஒரு கூடம் முழுக்கத் தன்னைப் பார்த்துச் சிரிக்க வேண்டும், அதன் பிறகு எல்லாம் சுலபமாகிவிடும் என்று நம்பினார். விருந்தன்று விடுதியின் மாடிக் கூடத்தில், கடற்பாசித் தாளை வெட்டிப் புருவமாக ஒட்டிக்கொண்டு, கம்பளி வயிற்றுப்பட்டை கட்டிக்கொண்டு மேடையேறிக் குனிந்தார். கொன்ரோகுவே வந்து குனிந்ததுபோல இருந்தது என்று பார்த்த அத்தனை பேரும் பின்னால் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் ஒருவரும் சிரிக்கவில்லை. இரக்கப்பட்டுக்கூட யாரும் கைதட்டவில்லை. கொதிக்கும் மீன்குழம்புச் சட்டியின் சத்தம் மட்டும் கேட்டது.

"சரிப்பா, போய் உக்காரு" என்றார் டோபாஷி. "அடுத்த ஆள் யாரு?"

அடுத்த ஆள் மிசோகுச்சி. இசாமுவுடன் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர், விற்பனைப் பிரிவு. டையைத் தலையில் கட்டிக்கொண்டு அவரும் கொன்ரோகுவைத்தான் செய்தார். குனியும்போது பாதியிலேயே தடுமாறி முள்ளங்கிக் கிண்ணத்தில் கையை ஊன்றினார். வசனத்தையும் தப்பாகச் சொன்னார். கூடம் உருண்டு சிரித்தது. தலைமை அலுவலகத்திலிருந்து வந்திருந்தவர் மிசோகுச்சியைப் பக்கத்தில் அழைத்து உட்காரவைத்துக்கொண்டார். இசாமு புருவத்தைப் பிய்க்க மறந்து, விருந்து முடியும்வரை எல்லோருக்கும் பீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

டோபாஷிக்கு அடுத்து மற்றவர்களுக்கும் அந்தச் சிரிப்பு வந்தது. பொதி கட்டும் பெண் ஒருத்திக்குப் பல் மருத்துவரின் நாற்காலியில் வாயைத் திறந்திருந்தபோது. கிரேன் ஓட்டுகிறவருக்கு உச்சியில், ஒரு டன் பெட்டி அந்தரத்தில் தொங்கியபோது. கணக்குப் பிரிவுக்காரருக்குப் பெண் பார்க்கப்போன வீட்டில். அந்தச் சம்பந்தம் நின்றுபோனது. முதலில் மீன் கெட்டிருக்குமோ என்று சந்தேகப்பட்டு, அரைவை இயந்திரங்களைக் கழற்றிக் கழுவினார்கள். பிறகுதான் ஒருவரோடு ஒருவர் பேசிப் பார்த்ததில், சிரிப்பதற்கு ஒரு நொடி முன்னால் எல்லோருக்கும் ஒரே காட்சிதான் கண்ணில் தெரிந்தது என்பது புரிந்தது. டோபாஷி இசாமுவைத் தம் மேசைக்குக் கூப்பிட்டனுப்பினார்.

"உன் சிரிப்பு இருக்கே, அது லேட்டா வருதுய்யா."

"மன்னிச்சுக்கங்க சார்."

"அரிசி மண்டிக்காரரு இனிமே நம்ம வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டாரு. தெரியுமா உனக்கு?"

"தெரியும் சார். சார், ஒண்ணு கேக்கலாமா?"

"என்ன?"

"நல்லா சிரிச்சீங்களா?"

டோபாஷி முதுகை நாற்காலியில் சாய்த்தார். "பொறந்ததுலேருந்து அப்படிச் சிரிச்சதில்ல" என்றார். "முதுகுவலி போயிடுச்சு. சரி, போ. வேலையப் பாரு."

அதனால்தான் ஊரார் அவரை விட்டுவிடவும் மறுத்தார்கள். அந்தச் சிரிப்பு வந்தவர்களுக்கு அன்று நல்ல தூக்கம் வந்தது. பசி எடுத்தது. மாமியாரோடு பேசாமலிருந்தவர்கள் பேசினார்கள். அடுத்த ஆண்டிறுதி விருந்திலும் இசாமுவை மேடையேற்றினார்கள். அதற்கடுத்த ஆண்டும் அப்படியே. கல்யாணம், கோயில் திருவிழா, மீனவர் சங்கத்து வசந்தகால விருந்து என்று ஊரில் எது நடந்தாலும் இரண்டு பேரையும் கூப்பிட்டார்கள். அப்போதே சிரிக்க மிசோகுச்சி, அப்புறம் சிரிக்க இசாமு. உராதோமே இதற்கேற்பத் தன்னை மாற்றிக்கொண்டது. அவர் ஆடிய விருந்துக்குப் போய்வந்தவர்களுக்கு நாவிதர் சில வாரங்கள் கத்தி வைத்து முகம் மழிக்க மாட்டார். வங்கிக்காரரைப் பார்ப்பது, சாவுக்குப் போவது, நீதிமன்றத்தில் சாட்சி சொல்வது எல்லாவற்றையும் சிரிப்பு வந்துபோன பிறகு வைத்துக்கொள்வார்கள். "உனக்கு வந்துடுச்சா?" என்று ரயிலடியில் ஒருவரையொருவர் விசாரித்துக்கொள்வார்கள். தடுமன் வந்துபோனதா என்று விசாரிக்கிற அதே குரலில்.

இசாமுவின் கண்ணெதிரே மட்டும் அது வரவில்லை. மேடையில் நின்று, காலிடுக்கில் தலையை நுழைத்து, தலைகீழாகத் தெரிகிற அந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பார். பொறுமையாக, மரியாதையாக, ஊசி போட்டுக்கொள்ளக் காத்திருக்கிறவர்களைப் போல அவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். சிலர் முன்கூட்டியே நன்றி சொன்னார்கள். அது அவருக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. வேகமாகக் குனிந்து பார்த்தார், மெதுவாகக் குனிந்து பார்த்தார். வேறு நகைச்சுவைக்காரர்களைப் போலச் செய்து பார்த்தார், கிழவியைப் போல, வாத்தைப் போல. எதுவும் மாறவில்லை. ஒரு முறை மிசோகுச்சி செய்ததைப் போலவே வேண்டுமென்று தடுமாறி முள்ளங்கிக் கிண்ணத்தில் கையை வைத்தார். யாரோ எழுந்து வந்து அவர் கையைத் துடைத்துவிட்டார்கள்.

ஃபுசாயேவை அவர் கல்யாணம் செய்துகொண்டதும் இதனால்தான். பொதி கட்டும் பிரிவில் வேலை பார்த்த பெண். மற்றவர்கள் தங்களுக்குச் சிரிப்பு வந்ததைக் குற்றம் சொல்கிறதுபோலச் சொன்னார்கள். அவள் மட்டும் சாப்பாட்டு வேளையில் தேடி வந்து, "நேத்து படகுல போறப்ப எனக்கு வந்துச்சு, டிக்கெட் கிழிக்கிறவரு பயந்துட்டாரு" என்று சொன்னாள்.

"எப்படிச் சிரிச்சீங்க?"

"எப்படின்னா? சிரிச்சேன்."

"சத்தமாவா? பக்கத்துல இருக்கறவங்களுக்குக் கேக்கற மாதிரியா?"

"தூரத்துல போன இன்னொரு படகுலேருந்து எட்டிப் பாத்தாங்க."

"இப்பக் கொஞ்சம் சிரிச்சுக் காட்டுறீங்களா?"

அவள் முயன்றாள். வரவில்லை. இருவருக்கும் வெட்கமாகப் போய்விட்டது. அடுத்த வசந்தத்தில் கல்யாணம் நடந்தது. மணமகனையே மேடையேற்றிக் குனியவைத்தார்கள். அதற்கான சிரிப்பு ஃபுசாயேவுக்குத் தேனிலவில் வரவில்லை. திரும்பி வந்து, அவர் வேலைக்குப் போன பிறகு, அரிசி களைந்துகொண்டிருந்தபோது வந்தது. அன்று முதல் மாலையில் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே, "வந்துச்சா?" என்று கேட்பது அவருக்குப் பழக்கமாகிவிட்டது. வந்தது என்றால் எங்கே, எவ்வளவு நேரம், வயிற்றைப் பிடித்துக்கொண்டாளா, கண்ணில் தண்ணீர் வந்ததா என்று எல்லாவற்றையும் கேட்பார். கேட்டு முடித்ததும் அவருடைய முகம் வாடிப்போகும்.

ஒரு முறை அவர் டோபாஷியின் வீட்டுத் தோட்டத்துக் கொட்டகையில், ஊறுகாய்ப் பீப்பாய்களுக்குப் பின்னால் விடியற்காலையிலிருந்து ஒளிந்திருந்தார். டோபாஷிக்கு இன்னும் வரவில்லை, எப்படியும் இன்று வந்துவிடும் என்று ஃபுசாயே கேள்விப்பட்டுச் சொல்லியிருந்தாள். டோபாஷி பல் விளக்கினார், செய்தித்தாள் படித்தார், பைன் மரத்தின் கிளைகளைக் கத்தரித்தார். மதியம்வரை ஒன்றும் நடக்கவில்லை. அடக்க முடியாமல் இசாமு சிறுநீர் கழிக்கத் தெருமுனைக்குப் போனார். பாதியில் இருக்கும்போது பின்னாலிருந்து அந்தச் சத்தம் கேட்டது, அல்லது கேட்டதுபோலிருந்தது. பொத்தானைப் போடாமலேயே ஓடி வந்தார். டோபாஷி பைன் மரத்தடியில் புல்லில் உட்கார்ந்து, மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார்.

"ஓ, அகுட்சுவா? இப்பதான்யா முடிஞ்சுது" என்றார். "உள்ள வா, டீ சாப்பிடு. ஏன்யா ஓடி வந்தே?"

தொழிற்சாலையின் ஆண்டு நிறைவு விழாவுக்குக் கொன்ரோகுவே உராதோமேவுக்கு வந்தார். ஊர் மண்டபத்தில் நிகழ்ச்சி முடிந்ததும், விருந்தில் அவர் முன்னால் இசாமுவைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். இந்த வேளைக்காகத்தான் இத்தனை வருடமும் என்று இசாமுவுக்குத் தோன்றியது. அடுத்தவர் சிரிப்பு எங்கே மாட்டிக்கொள்கிறது என்று அறிந்த மனிதர் ஒருவர் உண்டென்றால் அது இவர்தான். கடற்பாசிப் புருவம் ஒட்டி, கொன்ரோகுவின் எதிரே நின்று கொன்ரோகுவாகக் குனிந்தார். தலை காலிடுக்கில் நுழைந்தது. வசனம் வந்தது. கொன்ரோகு பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கையிலிருந்த சாக்கே மதுக் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"நான் விளையாட்டுக்குக் குனியறேன்" என்றார். "நீங்க நெசமாவே குனியறீங்களே."

"அப்ப நான் என்ன பண்ணணும்?"

"அது எனக்குத் தெரியலங்க. தெரிஞ்சா நானும் அப்படியே குனிஞ்சிருப்பேன்."

பாராட்டா குறையா என்று இசாமுவுக்குப் புரியவில்லை. கொன்ரோகு ரயிலேறிப் போனார். அந்தப் புத்தாண்டு நிகழ்ச்சியில், நாடே டிவி முன் உட்கார்ந்திருக்க, தங்க மடிப்புத் திரைக்கு முன்னால் நின்று வாழ்த்துச் சொல்ல வாயெடுத்தவர் சிரிக்க ஆரம்பித்தார். ஒருபோதும் சிரிக்காத முகம் நடுவில் கிழிந்ததுபோலத் திறந்தது. திரையைப் பிடித்துக்கொண்டார். திரை சாய்ந்தது. தரையில் உட்கார்ந்து, தொடையைத் தட்டித் தட்டி, தாயைக் கூப்பிட்டுச் சிரித்தார். ஒட்டியிருந்த புருவம் கன்னத்துக்கு இறங்கியது. நிலையத்தார் செய்வதறியாமல் நாரைகள் பறக்கும் படத்தைப் போட்டார்கள். நாரைகளுக்குப் பின்னாலும் சிரிப்பு கேட்டுக்கொண்டிருந்தது. உராதோமேவில், கால் சூடாக்கும் மேசைக்கு அடியில் காலை நீட்டி ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்த இசாமு, எழுந்து போய் டிவியின் முன் மண்டியிட்டு உட்கார்ந்தார். கண்ணாடியில் மூக்கு இடித்தது.

"பாத்துட்டீங்கல்ல?" என்றாள் ஃபுசாயே. "இப்படித்தான் இருக்கும். எனக்கும் இப்படித்தான். போதுமா?"

"என் எதிர்ல உக்காந்து பாத்தப்ப ஏன் சிரிக்கல?"

"இப்பச் சிரிக்கிறாருல்ல."

"இவரு டோக்கியோவுல சிரிக்கிறாரு, ஃபுசாயே. நான் இங்க இருக்கேன்."

அதன் பிறகு கொன்ரோகுவால் சிரிக்காமலிருக்க முடியவில்லை என்பதல்ல. முடிந்தது. ஆனால் அவர் சிரித்ததைப் பார்த்துவிட்ட நாடு, அந்த இறுகிய முகத்தை நம்ப மறுத்துவிட்டது. மெல்லமெல்ல சனிக்கிழமை நிகழ்ச்சி வேறு ஆளுக்குப் போனது. எங்கோ தெற்கே காப்பிக்கடை வைத்திருக்கிறார் என்றார்கள். சில வருடங்களில் பிள்ளைகளுக்கு அவர் பெயரே தெரியாமல் போனது. உராதோமேவில் மட்டும் அவருடைய வணக்கம் ஆண்டுதோறும் தவறாமல் நடந்தது. "யாரைப் போலச் செய்யறாரு?" என்று புதிதாக வேலைக்கு வந்தவர்கள் கேட்டால், "யாரையும் இல்ல, அது அகுட்சு அண்ணனோடது" என்று பழையவர்கள் பதில் சொன்னார்கள். அதைக் கேட்ட நாட்களில் இசாமு சாப்பிடவில்லை. தன்னை யாருக்கும் தெரியாது என்பதற்காகத்தான் ஒருவரைப் போலச் செய்யக் கிளம்பினார். இப்போது அந்த ஒருவரையும் தான் தின்றுவிட்டதாக அவருக்குப் பட்டது.

சக்கரவர்த்தி மாறினார், அவரோடு ஆண்டுக் கணக்கின் பெயரும் மாறியது. டோபாஷி ஓய்வு பெற்றுப்போனார். மிசோகுச்சி தொழிற்சாலையின் மேலாளரானார். அவருக்குத் தலை வழுக்கையானது. முள்ளங்கிக் கிண்ணத்தில் கை வைப்பதை மட்டும் விடவில்லை, அதற்கு இன்னும் சிரித்தார்கள். இசாமு சரக்கு அனுப்பும் பிரிவிலேயே இருந்து, ஓய்வு பெறும் வயதை எட்டினார். அவருக்கான பிரியாவிடை விருந்து அதே விடுதியின் மாடிக் கூடத்தில் நடந்தது. மிசோகுச்சி எழுந்து நின்று, "கடைசியா ஒரு தடவ, அகுட்சு, ஊர்ல எல்லாரும் நாளு குறிச்சு வெச்சிருக்காங்க" என்றார். கை தட்டினார்கள். இசாமு மேடையேறினார். புருவம் ஒட்டவில்லை. பட்டை கட்டவில்லை. நிமிர்ந்து நின்றார்.

"நான் இன்னிக்குக் குனியப்போறதில்ல" என்றார். கூட்டத்தில் அவர் பேசி யாரும் கேட்டதில்லை. "இத்தன வருஷமா உங்க முன்னாடி நின்னேன். ஒருத்தராவது, ஒரே ஒரு தடவ, என் மூஞ்சிக்கு நேரா சிரிச்சீங்களா? வெளியில போய்ச் சிரிக்கிறீங்க. பல் டாக்டர்கிட்ட சிரிக்கிறீங்க. என் பொண்டாட்டி அரிசிப் பானை முன்னாடி சிரிக்கிறா. நான் வீட்டுக்கு வந்து, நீ எப்படிச் சிரிச்சேன்னு அவகிட்டக் கேட்டுக்கிட்டு உக்காந்திருக்கேன். ஊறுகாய்ப் பீப்பாய்க்குப் பின்னாடி ஒளிஞ்சு நின்னிருக்கேன். உங்களுக்கெல்லாம் முதுகுவலி போச்சு. எனக்கு..."

அதற்கு மேல் அவரால் பேச முடியவில்லை, ஏனென்றால் கூடம் சிரிக்க ஆரம்பித்திருந்தது. முதலில் பின்வரிசையில் ஒரு பெண். பிறகு கணக்குப் பிரிவு. ஊறுகாய்ப் பீப்பாய் என்றதும் மிசோகுச்சி மேசையில் கவிழ்ந்தார். விடுதிக்காரி தட்டோடு வாசலில் நின்று சிரித்தாள். அவர் கையை உயர்த்தி, "நான் விளையாட்டுக்குச் சொல்லல" என்றார். அதற்கு இன்னும் சிரித்தார்கள். தரையைத் தட்டினார்கள். மூச்சு வாங்கினார்கள். ஒருவர் வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினார். இத்தனை வருடம் அவர் கேட்டது இதைத்தான். நேருக்கு நேராக, வாயைத் திறந்து, பல் தெரிய, கண்ணில் தண்ணீரோடு. அவருக்குக் கோபத்தில் காது அடைத்தது. மேடையைவிட்டு இறங்கி, கீழே போய், அவசரத்தில் யாருடைய செருப்பையோ மாட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.

"சிரிச்சாங்களா?" என்று கேட்டாள் ஃபுசாயே.

"சிரிச்சாங்க."

"உங்க எதிர்லயா?"

"எதிர்லதான்."

"அப்புறம் ஏன் மூஞ்சிய இப்படி வெச்சிருக்கீங்க?"

அவர் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு பல நாள் வீட்டைவிட்டு வெளியே போகவில்லை. செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவதும், எடுத்த செம்பை எடுத்த இடத்தில் வைக்காததற்கு ஃபுசாயேவோடு சண்டை போடுவதுமாக இருந்தார்.

ஒரு காலைப்பொழுதில் மிசோகுச்சி வந்தார். செருப்பை மாற்றிக்கொண்டுபோக வந்ததாகச் சொன்னார். அவருடையதைத்தான் இசாமு மாட்டிக்கொண்டு வந்திருந்தார். வாசல் மரப்படியில் உட்கார்ந்து, ஒரு செருப்பில் காலை நுழைத்து, மறு செருப்பைக் கையில் எடுத்தவர் அப்படியே இருந்தார். மூக்கு வழியாக ஒரு சத்தம் வந்தது.

"என்னடா?" என்றார் இசாமு.

மிசோகுச்சி அழ ஆரம்பித்தார். வழுக்கைத் தலை குலுங்க, செருப்பை மார்போடு அணைத்துக்கொண்டு, மூச்சுத் திணறத் திணற அழுதார். "நீ பேசினது இப்பத்தான்டா எனக்குக் கேக்குது" என்றார். "கையில பீர் பாட்டிலோட நீ நின்னது. அந்தப் புருவத்தோட. எல்லாருக்கும் ஊத்திக்கிட்டே. நான் பாத்தேன்டா. பாத்துட்டு என் கிளாஸ நீட்டினேன்."

இசாமுவுக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. சிரிப்பைக் கேட்டவனுக்கு இதைக் கொண்டுவந்து கொடுக்கிறார்களே என்று நினைத்தார். ஆனால் போகவில்லை. பின்கட்டிலிருந்து ஃபுசாயே, "யாருங்க அது?" என்று கேட்டதற்கு, "மிசோகுச்சி, அவனுக்கு வந்திருக்கு" என்று சொல்லிவிட்டு, படியில் அவருக்கு எதிரே உட்கார்ந்து முதலிலிருந்து முடிவுவரை பார்த்தார். எங்கே மூச்சு தடைபடுகிறது, எந்தக் கையால் முகத்தைத் துடைக்கிறார், எப்போது தணிந்து மறுபடி எழும்புகிறது என்று எல்லாவற்றையும் பார்த்தார். முடிந்ததும் மிசோகுச்சி இரண்டு கிண்ணம் டீ குடித்தார், வெள்ளரிக்காய் ஊறுகாய் சாப்பிட்டார், இந்த வருடம் கானாங்கெளுத்தி வரத்து மோசம் என்று சொல்லிவிட்டுத் தம் செருப்பில் போனார்.

மறுநாள் கணக்குப் பிரிவுக்காரர் வந்தார். பிறகு கிரேன்காரர், பிறகு விடுதிக்காரி. வந்தவர்கள் எல்லோரும் ஏதோ ஒரு காரணம் சொல்லிக்கொண்டு வந்தார்கள், ஆனால் படியில் உட்கார்ந்ததும் அவர்களுக்கும் அந்த அழுகை வந்தது, அவர் கண்ணெதிரிலேயே. ஃபுசாயே படியில் மெத்தை ஒன்றைப் போட்டாள். இசாமு முணுமுணுத்துக்கொண்டே போய்த் துண்டு வாங்கி வந்தார். கடைக்காரி எத்தனை வேண்டும் என்று கேட்டாளே தவிர, எதற்கு என்று கேட்கவில்லை.